நகல் எடுக்க முடியாத பிற்பகல்

அரசாங்கம் கொடுத்த அடையாள அட்டையில் ஜெசிந்தாவின் பெயருக்குக் கீழே ‘தடயவியல் உளவியலாளர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை யார் படித்தார்கள்? சிறைவாசலில் டீ விற்பவரிலிருந்து நீதிமன்ற டவாலி வரை எல்லோருக்கும் அவள் ‘சுமைதாங்கி மேடம்’தான். தலைச்சுமையோடு நடந்துவருகிறவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற வழியில் நட்டிருப்பார்களே, அந்தக் கல்லின் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வருஷங்கள் போனபிறகு, தொலைபேசியில் யாராவது “யார் பேசறது?” என்று கேட்டால் அவளே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பெயரில் தப்பும் இல்லை. மூளையிலிருந்து ஒரு நினைவை மட்டும் தனியே எடுக்க வழி கண்டுபிடித்தவர்கள், அதைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நம்பினார்கள். நடக்கவில்லை. எடுத்த நினைவு இன்னொரு மனித மூளையில் மட்டும்தான் போய் உட்காருவேன் என்று அடம்பிடித்தது. நகலும் எடுக்க முடியவில்லை. இங்கிருந்து அங்கே போனால் இங்கே இருக்காது, அவ்வளவுதான். ஆகவே, குற்றம் நடந்த நேரத்தின் நினைவை, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், ஓர் உளவியலாளர் தன் தலைக்குள் வாங்கிக்கொள்வார். அது நிஜமாக நடந்ததா, பயத்தில் முளைத்ததா, யாராவது சொல்லிச் சொல்லி ஒட்டவைத்ததா என்று பிரித்துப் பார்த்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்வார். தீர்ப்பு வந்தபிறகு உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். கத்தியும் ரத்தமும் தீயுமாக எத்தனையோ பேருடைய கொடுமைகளை ஜெசிந்தா இப்படி வாங்கி, பார்த்து, பத்திரமாகத் திருப்பியிருக்கிறாள்.

வேலுத்தாய் வழக்கு வந்தபோதும் அதை வழக்கமான ஒன்றாகத்தான் நினைத்தாள்.

வேலுத்தாய்க்கு வயது இருபத்தெட்டு. கயத்தாறு பக்கத்தில் சோலார் வயல்களில் தகடு கழுவும் வேலை. கணவன் இறந்து இரண்டு வருஷமாகிறது. நாலு வயது மகன் வைரவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனான். அப்போது கூட இருந்தவள் வேலுத்தாய் மட்டும். மறுகல்யாணத்துக்குப் பிள்ளை இடைஞ்சல் என்று தள்ளிவிட்டாள் என்று கணவனின் அண்ணன் புகார் கொடுத்தார். விசாரணையில் அவள் மறுக்கவே இல்லை. “நான்தான் கொன்னேன். என் கையிலயிருந்துதான் போனான்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுக்கொடுத்துவிட்டாள். அதற்குமேல் போலீசுக்கு என்ன வேண்டும்?

பெண்கள் சிறையின் பேட்டி அறையில் முதல் தடவை எதிரெதிரே உட்கார்ந்தபோது, கேள்வி கேட்டது என்னவோ வேலுத்தாய்தான்.

“நீங்க டாக்டராக்கா?”

“இல்லம்மா. நிறைய பேரு அப்படித்தான் நினைக்காங்க.”

“அப்ப வக்கீலா?”

“அதுவும் இல்ல. வக்கீல் உன் பக்கம் பேசுவாரு. டாக்டர் உனக்கு வைத்தியம் பாப்பாரு. நான் யார் பக்கமும் இல்ல. நீ எங்கிட்ட சொல்ற எதுவும் ரகசியம் கிடையாது, அத முதல்லயே சொல்லிடுதேன். உள்ளத உள்ளபடி கோர்ட்டுல சொல்றதுதான் என் வேலை.”

வேலுத்தாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இதுக்குன்னு படிப்பு இருக்கா?”

“இருக்கே. மனசப் பத்தி காலேஜ்ல அஞ்சு வருசம். அப்புறம் குற்றம், சட்டம், சாட்சி, பொய் இதுக்கெல்லாம் தனியா ரெண்டு வருசம். அப்புறம் ஜெயில்ல கைதிங்களோட உக்காந்து பேசிப் பேசிப் பழகணும். அதெல்லாம் தேறினாத்தான் அடுத்தவங்க நினைப்பத் தலையில வாங்க விடுவாங்க. மொதல்ல சின்னதா ஒரு சைக்கிள் திருட்டு. அப்புறம் அடிதடி. கடைசில கொலை.”

“பயமா இருக்காதா?”

“அதப் பாக்கத்தான் கடைசிப் பரீட்சையே. கொலை நினைப்பத் தலைக்குள்ள வச்சுக்கிட்டே கேன்டீன்ல உக்காந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு எந்திரிக்கணும். எதிர்ல பரீட்சை வைக்கிறவங்க உக்காந்து நம்ம வாயையே பாத்துட்டு இருப்பாங்க. பாதிப் பேரு சாம்பார் வாரதுக்குள்ள எந்திரிச்சு ஓடிருவாங்க.”

“நீங்க?”

“நான் ரசம் ரெண்டாவது தடவை கேட்டேன்.”

வேலுத்தாய் சிரிக்கப் பார்த்தாள். மகன் போனபிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எடுத்துக்கிடுங்க. ஆனா திரும்பத் தந்துரணும். அவனோட கடைசி நாளு அதுக்குள்ளதான் இருக்கு” என்றாள். ஜெசிந்தா தருவதாகச் சொன்னாள். இது எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான்.

இந்தத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டையும் அவளிடம் அன்றைக்கே விளக்கிச் சொன்னாள். நினைவை வாங்குமுன் உளவியலாளர் தன்னுடைய அன்றைய பொழுதை, காலையில் பல் துலக்கியதிலிருந்து, வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘வேலி கட்டுவது’ என்று அதற்குப் பெயர். எது தன்னுடையது, எது வந்தது என்று மனசுக்குப் புரியவைக்கத்தான். இரண்டாவது, வாங்கிய நினைவை மூன்றே மூன்று தடவைதான் நினைத்துப் பார்க்கலாம். வாங்கியவுடன் ஒரு தடவை, சாட்சிக்கு முன்னால் ஒரு தடவை, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தடவை. ஏனென்றால் நினைக்க நினைக்க நினைவு தேயும். தேய்ந்த இடத்தில் நினைக்கிறவரின் சொந்தச் சரக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அது செல்லாத காசு.

ஜெசிந்தா வேலி கட்டினாள், வாங்கினாள், பார்த்தாள். நீதிமன்றத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். தாயும் மகனும் பாறை நிழலில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றார்கள். பிறகு மகன் கண்டக்டரானான். பாறைதான் பஸ், பூவரச இலைதான் டிக்கெட். அம்மா மதுரைக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். “மதுரைக்குப் பஸ் போகாது, எறங்குங்க” என்றான். கோயில்பட்டிக்குக் கேட்டாள். “அங்க ஏற்கெனவே போயாச்சு” என்றான். இப்படியே வெகுநேரம் போயிற்று. கடைசியில் “கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்க” என்று விசிலடித்துவிட்டு இறங்கி ஓடினான். விளிம்பில் கல் பெயர்ந்தது. அம்மா பாய்ந்து, பாறைமேல் குப்புற விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். ஈரக் கை நழுவியது. நீச்சல் தெரியாமலே பின்னால் குதித்தவளை, சத்தம் கேட்டு ஓடிவந்த ஆடு மேய்ப்பவர் ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்; அதற்குமுன் நடந்தது அவருக்குத் தெரியாது.

என் கையிலயிருந்துதான் போனான் என்று அவள் சொன்னது இதைத்தான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலுத்தாய் விடுதலையானாள்.

கணவனின் அண்ணன் சும்மா விடவில்லை. அன்றைக்கே மேல்முறையீடு என்று கிளம்பிவிட்டார்.

விடுதலையானவருக்கு யோசிக்க ஒரு மாதம் அவகாசம் உண்டு. நினைவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் உளவியலாளரின் தலையிலேயே கரைய விட்டுவிடலாம். இது சட்டத்தில் இரக்கப்பட்டுச் சேர்த்த பிரிவு. பெற்ற பிள்ளை சாகிறதை ஒரு தாய் ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? அந்த ஒரு மாதமும் நினைவு உளவியலாளரிடமே இருக்கும்.

அந்த மாதத்தில்தான் ஜெசிந்தா தவறு செய்தாள்.

முதல் தடவை பஸ் நிறுத்தத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது, பஸ் வரவில்லை, சும்மா நின்றவளுக்கு “மதுரைக்குப் பஸ் போகாது” என்ற குரல் கேட்டது. சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாவது தடவை சமையலறையில். அப்புறம் கணக்கு வைப்பதை விட்டுவிட்டாள். சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்கும் பிள்ளையின் கை எத்தனை தடவை அங்கே போகும்? அப்படித்தான் அவள் மனசும் அந்தப் பாறை நிழலுக்குப் போயிற்று. தண்ணீருக்கு அவள் போவதே இல்லை. கண்டக்டர் கடைசி ஸ்டாப் என்று சொல்லுமுன்னே வெளியே வந்துவிடுவாள்.

ஜெசிந்தாவின் வாழ்க்கையில் சொல்லி அழுகிற மாதிரித் துக்கம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் கண்டிப்பான வீடு, நல்ல படிப்பு, நல்ல வேலை, தனியாக ஒரு சின்ன வீடு. கல்யாணம் கூடி வரவில்லை, அவளும் அதற்காக உருகவில்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு பிற்பகல் அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஒரு வேலையும் இல்லாமல், ஒருத்தருக்கும் பதில் சொல்லவேண்டாமல், ஓர் இலையை டிக்கெட் என்று நம்பிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. கொடுமையைத் தாங்கத்தான் அத்தனை வருஷம் பழக்கினார்கள். கொலைகாரனின் நினைவோடு ரசம் குடித்தவளுக்கு ஒரு பிள்ளையின் விளையாட்டைத் தாங்கத் தெரியவில்லை.

ஒருநாள் காலை அந்தப் பாறை நிழலுக்குப் போனபோது கடல் வாடை அடித்தது. கயத்தாற்றுக் கல்குவாரியில் கடல் ஏது? அவள் பதறிப்போய் நிதானமாகக் கவனித்தாள். பையன் விசிலடிக்கவில்லை. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா சின்ன வயசில் சர்ச்சில் ஞாயிறு பள்ளியில் கைதட்டிப் பாடிய பாட்டு அது. வேலுத்தாயின் மகனுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேலுத்தாயின் தம்பி காளிராஜ் போன் செய்தான். “மேடம், அக்கா அத வாங்கியே தீருவேன்னு நிக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பா. எதுக்கு அந்தக் கண்ராவி அவளுக்கு? அப்படியே போயிட்டுப் போவுது.”

இதைவிட வசதியான வழி ஜெசிந்தாவுக்கு வேறு கிடைக்காது. போய் நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும். நினைவு கரைந்துவிடும், தப்பும் சேர்ந்து கரைந்துவிடும், ஊரே அவளை இரக்கமுள்ளவள் என்று சொல்லும். மறுநாள் கயத்தாற்றுக்குப் பஸ் ஏறும்போது அந்த நாலு வார்த்தையைத்தான் அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள்.

காளிராஜ் வீட்டில் காப்பி கொடுத்து உட்காரவைத்தார்கள். தம்பி வெளியே போனதும் ஜெசிந்தா ஆரம்பித்தாள். “அதுல முடிவு இருக்கு வேலு. அத நான் பாத்துட்டேன். நீ பாக்க வேண்டாம்னு நினைக்கேன்.”

“முடிவு வேண்டாம்னா ஆரம்பமும் சேந்து போயிரும்லக்கா?”

“போயிரும்.”

“காலைல அவனுக்குத் தலை சீவி விட்டது ஞாபகம் இருக்கு. அடுத்தாப்புல போலீஸ் ஸ்டேசன்தான். நடுவுல ஒண்ணுமே இல்ல. அவன் எங்கிட்ட கடைசியா என்ன சொன்னான்?”

ஜெசிந்தா சொன்னாள். கண்டக்டர் விளையாட்டை, மதுரைக்குப் போகாத பஸ்ஸை, எல்லாவற்றையும் சொன்னாள். வேலுத்தாய் இமைக்காமல் கேட்டாள். கடைசியில், “நீங்க சொல்லுதீங்க. எனக்குக் கேக்கலையே” என்றாள்.

அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் அதோடு போயின. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஜெசிந்தாவால் பொய் சொல்ல முடியவில்லை. தேய்த்ததைச் சொன்னாள். கடல் வாடையைச் சொன்னாள். பாட்டைச் சொன்னாள்.

“மூணு தரம்தான்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“எத்தனை தரம்?”

“எண்ணல.”

வேலுத்தாயின் முகம் கறுத்தது. “தண்ணியையும் பாத்தீங்களா, ஒவ்வொரு தரமும்?”

“இல்ல. அதுக்கு முன்னாடியே நிறுத்திக்கிட்டேன்.”

“அதான பாத்தேன்.” அவள் எழுந்து சன்னல் பக்கம் போனாள். “ரெண்டாவது தரம் ரசம் கேட்டு வாங்குன மாதிரி ஆயிட்டான் என் புள்ள, உங்களுக்கு.”

ஜெசிந்தாவுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. சொல்லவேண்டிய மிச்சத்தையும் சொல்லித் தீர்த்தாள். “கரைய விட்டா உனக்கு ஒண்ணும் வராது. நான் கோர்ட்ல சொன்ன சாட்சியே கடைசின்னு ஆயிரும், மேல்முறையீடும் நிக்காது. வாங்கிக்கிட்டா மதுரைல இன்னொரு உளவியலாளர் எடுத்துப் பாப்பாரு. மேல்முறையீட்டுல ஒரு நாள்தான், பாத்துட்டு உடனே தந்துருவாரு. ஆனா என் சரக்கு கலந்திருக்கிறது தெரிஞ்சா நினைவு செல்லாதுன்னுருவாங்க. என் சாட்சியும் சேந்து போயிரும். அப்புறம் மிஞ்சுறது நீ போலீஸ்ல கையெழுத்துப் போட்டது மட்டும்தான். ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம்.”

வேலுத்தாய் திரும்பினாள். “ஜெயிலுக்குப் போனா அவன் எங்கூட வருவானா?”

“நினைவு உங்கிட்ட இருந்தா வருவான்.”

“அது இல்லாம வெளியில இருந்தா?”

ஜெசிந்தா இல்லையென்று தலையசைத்தாள்.

“அப்ப குடுங்க. உங்க பாட்டோட குடுங்க.”

அந்த வாரமே திருப்பிக் கொடுத்தாள். கடைசி நினைப்பின்போது, சில வாரங்களுக்குப் பிறகு, தண்ணீர் வரை போய்வந்தாள். போய்த்தான் ஆகவேண்டும், அது விதி. நினைவு மாற்றும் எந்திரத்திலிருந்து எழுந்தபோது தலை காலி வீடு மாதிரி இருந்தது. ஒரு பையன் இருந்தான் என்று தெரியும். அவள் நீதிமன்றத்தில் சொன்ன வார்த்தைகள் வரிவரியாக இருந்தன, அவை அவளுடையவை. சந்தோஷமாக இருந்ததும் ஞாபகம் இருந்தது. பையனின் முகம் இல்லை. குரல் இல்லை. எதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது மனசுக்கு எட்டவே இல்லை.

மேல்முறையீடு மதுரையில் வந்தபோது ஆறேழு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது உளவியலாளராக நியமிக்கப்பட்டவர் மைதீன் பிச்சை. பழைய ஆள், கறார் பேர்வழி. அடுத்தவர் நினைவில் அரைக்கல் உப்புக் கூடியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று தொழிலில் பேச்சு. முதல்நாள் வாங்கி, பார்த்து, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு வந்திருந்தார். ஜெசிந்தா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கலப்படம் என்று அவர் வாய் திறந்ததும் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, நான் சாட்சி சொன்னபோது அது சுத்தமாக இருந்தது என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்திருந்தாள். வேலை போகும், அது பெரிதில்லை. ஆனால் அவள் சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா என்ன?

மைதீன் பிச்சை கண்டக்டர் விளையாட்டைச் சொன்னார். விளிம்புக் கல்லை, மணிக்கட்டை, நழுவியதைச் சொன்னார். “இது விபத்துதான். இந்தம்மா புள்ளையத் தள்ளல, காப்பாத்தப் பாத்திருக்காங்க” என்றார். நீதிபதி, நினைவில் அந்நியக் கலப்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

“இல்லைங்க ஐயா. முழுக்க முழுக்க இவங்களோடதுதான். இவ்வளவு ஆழமாப் பதிஞ்ச நினைவ என் சர்வீசுல நான் பாத்ததில்ல.”

மேல்முறையீடு தள்ளுபடியானது. இனி யாரும் அவளைத் தொட முடியாது. காளிராஜ் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். ஜெசிந்தாவுக்குப் பெரிய நிம்மதிதான், ஆனால் ஒன்றும் புரியவில்லை. அந்தப் பாட்டு எங்கே போயிற்று?

வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சில் வேலுத்தாய் தனியே உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போய், கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, பத்து வயது கூடினவளாகத் தெரிந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“பாட்டத் தேடுதீகளாக்கும்?” என்றாள்.

“அது இருந்துச்சே வேலு. நான் கொடுத்தப்ப இருந்துச்சு.”

“இருந்துச்சு. மொத நாளு கேட்டதும் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. கடல் வாடை வேற. அப்புறம் யோசிச்சேன். நீங்கதான சொன்னீங்க, நினைக்க நினைக்கத் தேயும், தேஞ்ச இடத்துல நினைக்கிறவ சரக்கு வந்து உக்காரும்னு. அப்ப நான் நினைச்சா என் சரக்குதான வரும்? நாலு வருசம் வளத்துருக்கேன், அவன் எப்படி விசிலடிப்பான்னு எனக்குத் தெரியாதா? தகடு கழுவுறப்ப நினைச்சேன். சோறு பொங்குறப்ப நினைச்சேன். படுத்தா, எந்திரிச்சா, அதே நினைப்புத்தான். பாட்டு கொஞ்சங் கொஞ்சமா மங்கிப்போயி விசிலு வந்துருச்சு. மண் வாடையும் வந்துருச்சு.”

அப்படி ஒன்று நடக்க முடியும் என்று ஜெசிந்தாவுக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. நடக்க எத்தனை நூறு தடவை நினைத்திருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போடப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டது.

“தண்ணிக்கு முன்னாடியே நிறுத்திக்கிட்டேன்னு சொன்னீங்களே” என்று வேலுத்தாய் தொடர்ந்தாள். குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது. “நானும் நிறுத்திப் பாத்தேன்க்கா. எனக்கு வரல. ஒவ்வொரு தரமும் கடைசி வரைக்கும் போயித்தான் வந்தேன். கை நழுவித்தான் முடியும்.”

ஜெசிந்தா அழுதாள். நீதிமன்ற வராந்தாவில் டவாலிகளும் வக்கீல்களும் போக வர, சுமைதாங்கி மேடம் கைக்குட்டையைத் தேடக்கூடத் தோன்றாமல் அழுதாள். தன் விளையாட்டுக்காகத் தேய்த்ததை இவள் பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்துச் சரிசெய்திருக்கிறாள் என்பது அவளால் தாங்கக்கூடியதாக இல்லை.

“மைதீன் சார் இன்னும் மாடியிலதான் இருக்காரு” என்றாள் கடைசியில். “போய்ச் சொல்லிடப்போறேன். உன் கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே உனக்கு ஒண்ணும் ஆகாது.”

“சொல்லிருங்க. அடுத்தவ புள்ளைக்கு இப்படி ஆயிரக் கூடாது.”

பிறகு வேலுத்தாய், “உங்களுக்கு இப்ப அவன் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

“முகம் இல்ல. நான் கோர்ட்ல சொன்ன வார்த்தைதான் இருக்கு.”

“கேக்கணும்போல இருக்கா?”

கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஆனாலும் தலை தானாக ஆடியது.

வேலுத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருந்ததால் அவன் விசில் பாதி காற்றாகத்தான் வரும் என்றாள். டிக்கெட் கிழிக்கிற இலையை நாக்கில் தொட்டுக்கொள்வான், பெரிய கண்டக்டர் அப்படித்தான் செய்வாராம். மிட்டாய் தின்ற விரலை அவள் சேலையில் துடைத்துவிட்டு, பஸ்ஸில் அசுத்தம் பண்ணக் கூடாது என்று அவளையே அதட்டினான். மதுரை, கோயில்பட்டி, சாத்தூர் என்று எந்த ஊரைக் கேட்டாலும் பஸ் போகாது. போகிற ஒரே ஊர் அவர்கள் வீடுதான். சொல்லச் சொல்ல வேலுத்தாயின் முகம் இளகியது. ஜெசிந்தா இடையில் மூச்சுவிடக்கூடப் பயந்துபோய்க் கேட்டாள்.

“அப்புறம் பாறை மேல ஏறி நின்னு, கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்கன்னான்.”

மடியில் கிடந்த வேலுத்தாயின் வலது கை மூடிக்கொண்டது. அடுத்தது என்ன என்று இருவருக்கும் தெரியும். ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கை மெல்லத் தளர்ந்தது.

“நான் எறங்க மாட்டேன்னேன். சரின்னு இன்னொரு டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தான்.”

நீதிமன்றத்தில் தான் சொன்னது ஜெசிந்தாவுக்கு வரிவரியாக ஞாபகம் இருந்தது. மைதீன் பிச்சை சொன்னதையும் காலையில்தான் கேட்டிருந்தாள். இரண்டு சாட்சியத்திலும் இன்னொரு டிக்கெட் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய வாய் ஒரு தடவை திறந்து, மூடிக்கொண்டது.

“அவ்வளவுதான்க்கா” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் வேலுத்தாய். “வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு மாடிக்குப் போவீங்க.”